நெட்டச்சி கதையும் உன் ரத்தப் பரிசோதனையும்

வேளச்சேரி,
ஞாயிறு மத்தியானம்

அடியே வாயாடி,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ஹாஸ்டல் வார்டனையே பேசிக் கவுத்தவ, இவ்வளவு நேரம் பேசியும் ஒரு தடவைகூட சிரிக்கல. ராத்திரி ஒன்பதரைக்கு பேங்க் பிராஞ்ச்லேர்ந்து வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம சோபாவுல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன்னு சொன்ன. இன்ஷூரன்ஸ் டார்கெட், மேனேஜரோட வாட்ஸ்அப் குரூப், ஒரு வருஷமா ஆள் போடாத ரெண்டாவது ஆபீசர் சீட்டுன்னு எல்லாத்தையும் கொட்டிட்டு, கடைசியில "கவுன்சிலிங் எதாவது போலாமாடி? யாருகிட்ட போறது? நீதான் ஹெச்.ஆர்.ல இருக்கியே"ன்னு கேட்ட. நானும் வாய்ஸ்லயே பதில் சொல்லலாம். ஆனா எங்க வீட்டு ஹால்ல நான் போனை எடுத்தா மாமியார் டிவி சவுண்டைக் குறைச்சிடுவாங்க. அதான் பேனாவை எடுத்தேன். கூரியர்ல போட்டா செவ்வாய்க்கிழமை உன் கையில இருக்கும்.

நம்ம சிநேகிதி நெட்டச்சியோட சமாச்சாரம் உனக்குத் தெரியாதில்ல? உனக்கு மட்டும் சொல்லலாம்னு அவகிட்டயே பர்மிஷன் வாங்கிட்டேன், அதனால நிம்மதியா வம்பளக்கலாம். ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனியில டீம் லீட். கிளையன்ட் அமெரிக்கா, அதனால அங்க விடியும்போது இவளுக்கு ராத்திரி மீட்டிங். ரெண்டு வருஷமா இதே கூத்து. போன தீபாவளிக்கு அவளைப் பாத்தப்ப முடியெல்லாம் கொட்டி, கண்ணைச் சுத்திக் கருவளையம். ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வந்து மீட்டிங்ல உக்காருவாளாம். ஒரு சின்னப் பொண்ணு லீவு கேட்டதுக்கு எல்லார் முன்னாடியும் கத்திட்டாளாம். நம்ம நெட்டச்சி! எறும்பை மிதிச்சாலே மன்னிப்புக் கேக்கறவ.

அவ எங்கெங்கே போனாள்னு கேளு. முதல்ல ஒரு லைஃப் கோச். ஈ.சி.ஆர். ரிசார்ட்ல சனி ஞாயிறு முகாம், பதினெட்டாயிரம் ரூபாய். மனசுல இருக்கற கெட்ட எண்ணத்தையெல்லாம் பேப்பர்ல எழுதி நெருப்புல போடணும், முன்னப்பின்ன தெரியாதவங்களைக் கட்டிப்பிடிக்கணும், கைதட்டணும். கோச் அதுக்கு முன்னாடி மனை வித்துக்கிட்டிருந்தவராம். தினமும் காலையில நாலு மணிக்கு எந்திரிங்க, வாழ்க்கை மாறும்னு சொல்லியிருக்கார். இவளுக்கு மீட்டிங் முடியறதே ஒரு மணிக்கு. ஒரு வாரம் எந்திரிச்சும் பாத்திருக்கா பாவம். அப்புறம் ஸ்கூட்டர்ல சிக்னல்ல தூங்கி, பின்னாடி நின்ன ஆட்டோக்காரர் இறங்கி வந்து எழுப்பியிருக்கார்.

கோச்சுங்க எல்லாரும் ஏமாத்துக்காரங்கன்னு சொல்ல வரல. வேலை மாறணுமா, சம்பளம் எப்படிப் பேசறது, அடுத்த அஞ்சு வருஷம் என்ன பண்றதுன்னு தெளிவு வேணும்னா நல்ல கோச் உதவுவார். ஆனா அதெல்லாம் தெம்பா இருக்கறவளுக்கு. சோறு எறங்காம, தூக்கம் வராம கிடக்கறவளை எடைபோட அவருக்குப் படிப்பு கிடையாது. அந்தப் பேரைப் போட்டுக்க நம்ம ஊர்ல லைசென்ஸும் தேவையில்ல.

இங்கதான் விஷயமே இருக்கு. வேலையில இப்படிக் கருகிப் போறதைத்தான் பர்ன் அவுட்னு சொல்றாங்க. அதைப் பத்தி முதல்ல கட்டுரை எழுதினவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர்னு நியூயார்க் மனநல நிபுணர், 1974-ல. பகல்ல சொந்த கிளினிக், ராத்திரியில போதைப் பழக்கத்துல மாட்டினவங்களுக்கான இலவச கிளினிக்னு ஓடினவர், தன்னையும் கூட வேலை செஞ்சவங்களையும் பாத்துத்தான் எழுதினார். ஊருக்கு வைத்தியம் பாத்தவரே சுருண்டு படுத்திருக்கார்டி, நீயும் நானும் எம்மாத்திரம். 2019-ல உலக சுகாதார நிறுவனம் அதைத் தன்னோட ஐ.சி.டி-11 பட்டியல்ல விளக்கமா எழுதிச்சு, ஆனா நோய்னு எழுதல. வேலை சம்பந்தப்பட்ட நிலைன்னுதான் எழுதிச்சு: சத்தெல்லாம் வத்திப் போறது, வேலை மேல வெறுப்பும் ஒட்டாத்தன்மையும் வர்றது, செய்யற வேலையில பலன் குறையறது. அதுவும் வேலை செய்யற எடத்துக்கு மட்டும்தான் பொருந்துமாம். எழுதினவங்க யாரும் கூட்டுக் குடும்பத்துல இருந்ததில்ல போல.

நோய்னு எழுதாததால அதுக்குன்னு தனி டாக்டர் கிடையாது. கண்ணுக்கு ஒருத்தர், பல்லுக்கு ஒருத்தர்ங்கற கணக்கு இதுல வராது. புறம்போக்கு நிலம்தான், ஆளாளுக்கு வேலி போடறாங்க. கோச், ஹீலர், ஹிப்னோ, ஜோசியர், செயலி விக்கறவங்க, எல்லாரும். அதனால "இவர் நல்லவரா, கைராசிக்காரரா"ன்னு விசாரிக்காதே. "இவர் என்ன படிச்சிருக்கார், எதைச் செய்யத் தகுதி உள்ளவர்"னு விசாரி.

கதைக்கு வரேன். முகாமுக்கு அப்புறம் நெட்டச்சியோட சின்ன மாமியார் ஒருத்தங்க, கல்யாண வீட்டுல ஹேண்ட்பேக்கைத் திறந்து அரை மாத்திரையை ஒடிச்சுக் கையில குடுத்திருக்காங்க. "நான் பத்து வருஷமா போடறேன், நல்லாத் தூங்கலாம்." அது அல்ப்ராஸோலம். டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாத ஷெட்யூல் ஹெச்-1 மருந்து. தொடர்ந்து போட்டா பழகிடும், திடீர்னு நிறுத்தினா உடம்பு ஆடிப் போகும். பத்து வருஷமா போடறேன்னு அவங்க பெருமையாச் சொன்னது பெருமைக்கான விஷயமே இல்ல. உன் பிராஞ்ச்லயும் இப்படி ஒரு ஹேண்ட்பேக் கட்டாயம் இருக்கும், கை நீட்டாதே.

அவளைக் காப்பாத்தினது யார் தெரியுமா? அவ புருஷன். வாயே திறக்காதவர்னு நாம கிண்டல் பண்ணுவோமே, அவரேதான். "எதுக்கும் நம்ம தெரு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்"னு கூட்டிட்டுப் போயிருக்கார். சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர். அந்தம்மா ரத்தப் பரிசோதனை எழுதிக் குடுத்தாங்க. ஹீமோகுளோபின் 8.2. பொம்பளைங்களுக்கு 12-க்குக் கீழ போனாலே ரத்தசோகைதான். தைராய்டு டி.எஸ்.எச். 11-ஐத் தாண்டியிருக்கு, நாலு நாலரைக்குள்ள இருக்கணும். மாசாமாசம் பத்து நாள் ரத்தப்போக்கு இருந்திருக்கு, அதை ஒரு வியாதியாவே அவ நினைக்கல, ஆபீஸ் டென்ஷன்னு விட்டுட்டா. கோச் பத்த வச்ச நெருப்புல இரும்புச்சத்து குறைவு எரியுமா?

இதுல ஒரு காமெடி. தைராய்டு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒண்ணா வாயில போட்டு, மேல ஃபில்டர் காபி குடிச்சிருக்கா ஒரு மாசம். தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, தண்ணியில. இரும்பு மாத்திரை அதுக்கு நாலு மணி நேரமாவது தள்ளி, காபி டீ பக்கத்துலயே வரக் கூடாது. சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க, இவ தலையில ஏறல. அந்தக் களைப்புல எது ஏறும்?

அதனால உனக்கு முதல் படி கவுன்சிலிங் இல்ல. நாப்பதைத் தாண்டியாச்சு நமக்கு. பக்கத்துல இருக்கற ஜெனரல் டாக்டர்கிட்ட போய், தூக்கம், பசி, மாதவிடாய், குறட்டை எல்லாத்தையும் சொல்லு. குறட்டையைக் கட்டாயம் சொல்லு, வெக்கப்படாதே. தூக்கத்துல மூச்சுத் தடைபடற கோளாறு இருந்தா எட்டு மணி நேரம் படுத்தாலும் களைப்புப் போகாது. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பாக்கச் சொல்லிக் கேளு. நீ வேற முட்டைகூடத் தொடாத சைவம், பி12 குறைய வாய்ப்பு ஜாஸ்தி. உங்க அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டிருக்காங்களாமே, அது பாட்டுக்கு அது. மாரியம்மன் ரத்தப் பரிசோதனை வேணாம்னு சொல்லல.

நெட்டச்சிக்கு ரெண்டு மாசத்துல ஹீமோகுளோபின் ஏறிச்சு, படி ஏறினா மூச்சு வாங்கறது நின்னுச்சு. ஆனா அழுகை நிக்கல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயித்தைக் கலக்கும். அப்பத்தான் என்கிட்ட வந்தா. எங்க கம்பெனி மாதிரியே அவங்க கம்பெனியிலயும் ஊழியர் உதவித் திட்டம்னு ஒரு போன் நம்பர் உண்டு, வெளி நிறுவனம் நடத்தறது, சில தடவை இலவசமாப் பேசலாம். அதுல பேசினா மேனேஜருக்குத் தெரிஞ்சிடுமான்னு எல்லாரும் கேப்பாங்க. நான் ஹெச்.ஆர்., எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்: எங்களுக்கு வர்ற ரிப்போர்ட்ல மொத்தம் எத்தனை பேர் கூப்பிட்டாங்க, எந்த மாதிரிப் பிரச்சினைங்கறதுதான் இருக்கும், பேரு இருக்காது. யாரோட உயிருக்காவது ஆபத்துன்னாதான் அந்த விதியைத் தாண்டுவாங்க. உங்க பேங்க்லயும் அப்படி இருக்கான்னு பழைய சர்க்குலரைப் புரட்டு. ஆனா ஒண்ணு. என்னை மாதிரி ஹெச்.ஆர். ஆளுகிட்ட நேரா வந்து மனசைக் கொட்டாதே. நாங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் டாக்டருக்கு இருக்கற ரகசியக் கடமை எங்களுக்குக் கிடையாது. உன் சிநேகிதியாத்தான் இதைச் சொல்றேன், எங்க டைரக்டர் பாத்தா சீட்டு கிழிஞ்சிடும்.

அந்த போன் சேவை வாசல் வரைக்கும் கொண்டு விடும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள் எடுத்தா முதல்லேர்ந்து கதை சொல்லணும். நெட்டச்சி மூணாவது தடவை "பழைய கதையைப் படிச்சுக்கோங்க"ன்னு வச்சிட்டாளாம்.

அப்புறம்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இதை நல்லாக் கேட்டுக்கோ. நம்ம நாட்டுல இந்தப் பேருக்குச் சட்டம் உண்டு. முதுகலைக்கு மேல எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜின்னு ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியிலயே பயிற்சி, இல்லன்னா அதுக்குச் சமமா அங்கீகாரம் பெத்த படிப்பு. ஆர்.சி.ஐ.ன்னு இந்திய மறுவாழ்வு கவுன்சில் இருக்கு, 1992 சட்டத்துல வந்தது, அதுல பதிவு செஞ்சிருக்கணும். பதிவு எண்ணைக் கேளு, அவங்க இணையதளத்துல பேரைத் தேடிப் பாக்கலாம். கேட்டா கோவிச்சுக்கற ஆள்கிட்ட போகவே போகாதே. பதிவில்லாம தொழில் பண்ணினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ஆயிரம் ரூபாய் அபராதம். ஆயிரம் ரூபாயாம், நெட்டச்சி முகாமுக்குக் கட்டினதுல பதினெட்டு பேர் தப்பிச்சுக்கலாம்.

வெறும் "கவுன்சலர்"னு போர்டு போட்டவங்க கதை வேற. நல்லாப் படிச்சுப் பயிற்சி எடுத்தவங்களும் இருக்காங்க, ஆறு வாரம் ஆன்லைன் கோர்ஸ் முடிச்சவங்களும் இருக்காங்க, போர்டு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். 2021-ல ஒரு சட்டம் வந்து அவங்களையும் பதிவுக்குள்ள கொண்டு வரப் பாக்குது. அதுவரைக்கும் பட்டம் என்ன, எங்க பயிற்சி, யார் மேற்பார்வைன்னு நாமளே கேக்கணும். "முடியாது"ன்னு சொல்லத் தெரியாம மாட்டிக்கிட்டவளுக்கு ஒரு நல்ல கவுன்சலர் போதும். உன் மாதிரி தூக்கமும் போய் சிரிப்பும் போனவ கிளினிக்கல் ஆளையே பாக்கறது உத்தமம்.

நெட்டச்சி முதல்ல பாத்தது ஒரு பெரியவர். அரை மணி நேரத்துல "வீட்டுக்காரரை அனுசரிச்சுப் போம்மா, எல்லாம் சரியாயிடும்"னு சொல்லியிருக்கார். புருஷன் கதையை இவ எடுக்கவே இல்ல! திரும்பப் போகல. மரியாதைக் குறைவா இருக்குமோன்னு ரெண்டு நாள் வருத்தப்பட்டாளாம். டெய்லர் ஜாக்கெட்டைக் கெடுத்தா மாத்திடறோம், இதுல மட்டும் எதுக்கு விசுவாசம்? ரெண்டாவது ஆள் நம்மைவிடப் பத்து வயசு சின்னப் பொண்ணு, காதுல பெரிய ஜிமிக்கி. இது என்னத்தைச் சொல்லப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டே போயிருக்கா. அந்தப் பொண்ணு அறிவுரையே சொல்லலியாம். ஒரு வாரத்துக்கு மணிவாரியா என்ன செஞ்சேன்னு எழுதிட்டு வரச் சொல்லியிருக்கு. எழுதினா, மீட்டிங் முடிஞ்ச பிறகும் தினமும் முக்கால் மணி நேரம் யாரும் கேக்காத மெயிலுக்கெல்லாம் பதில் போட்டுக்கிட்டிருந்திருக்கா. அந்த வாரம் வீட்டுப்பாடம்: ஒரே ஒரு மெயிலுக்கு மறுநாள் பதில் போடணும். அதுக்கே கை நடுங்கிச்சாம்.

தமிழ்ல பேசற ஆளாப் பாரு. நீ கோவத்துல பேசற தமிழை எந்த இங்கிலீஷ்லயும் சொல்ல முடியாது. முதல் நாளே "நாலு சிட்டிங்ல சரி பண்ணிடறேன்"னு சொன்னாலோ, பேக்கேஜ் வித்தாலோ, வேலையை விடுன்னு தீர்ப்புச் சொன்னாலோ எந்திரிச்சு வந்துடு.

அந்த ஜிமிக்கிப் பொண்ணுதான் ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளைக் குடுத்து, போன ரெண்டு வாரத்துல எப்படி இருந்தீங்கன்னு கேட்டு, இது வெறும் வேலைக் களைப்பு இல்ல, மனச்சோர்வு நோயும் கூட இருக்கும்போல, மனநல டாக்டரையும் பாருங்கன்னு அனுப்பினது. தன்னால முடியாததை முடியாதுன்னு சொன்ன முதல் ஆள். லீவு போட்டா கொஞ்சம் தெளியுதா, இல்ல லீவுலயும் புடிச்ச பாட்டு, புடிச்ச சாப்பாடு, புள்ளைங்க, எதுவுமே இனிக்கலையாங்கறது முக்கியமாம். நெட்டச்சிக்கு எதுவும் இனிக்கல. ரெண்டும் பின்னிக்கிட்டும் வரும், அதனால நாமளே தீர்ப்பு எழுதிக்கக் கூடாது.

சைக்கியாட்ரிஸ்ட்னா எம்.பி.பி.எஸ். முடிச்சு மனநலத்துல எம்.டி.யோ டி.பி.எம்.மோ டி.என்.பி.யோ படிச்ச டாக்டர். மாத்திரை எழுத அவர்தான் சரியான ஆள், சைக்காலஜிஸ்ட் எழுதக் கூடாது. நெட்டச்சிக்குக் குடுத்த மாத்திரை அந்த ஹேண்ட்பேக் மாத்திரை ரகம் இல்ல. வேலை செய்யவே சில வாரம் ஆகும், முதல்ல கொஞ்சம் வயித்தைப் புரட்டும், சரியாப் போச்சுன்னு நாமளா நிறுத்தக் கூடாது, டாக்டர் படிப்படியாக் குறைப்பார். மாமியார் கண்ணுல படக் கூடாதுன்னு நெட்டச்சி அதை வைட்டமின் டப்பாவுல போட்டு வச்சா. மாமியார் வைட்டமின்னு நினைச்சு ஒண்ணை எடுத்துப் போட்டுட்டாங்க! அவங்களுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா டாக்டர்கிட்ட நெட்டச்சி வாங்கின திட்டு இருக்கே.

செலவைக் கேட்ட. ஜிமிக்கிப் பொண்ணுக்கு ஒரு தடவைக்கு 1500. 2017 மனநலச் சட்டம் உடம்பு நோய்க்கு இருக்கற மாதிரியே மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் குடுக்கணும்னு சொல்லுது, ஆனா பெரும்பாலும் அட்மிட் ஆனாத்தான் பணம், இந்த மாதிரி வெளி நோயாளி ஃபீஸை உன் பாலிசி குடுக்குதான்னு பாரு. நீ விக்கற பாலிசியை நீயே ஒரு தடவை படி! பணம் இடிச்சா உங்க ஊர் அரசு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையிலயே மனநலப் பிரிவு இருக்கு. மாவட்ட மனநலத் திட்டத்தை 1996-ல நாலு மாவட்டத்துலதான் முதல்ல ஆரம்பிச்சாங்க, அதுல உன் திருச்சியும் ஒண்ணு. தெரிஞ்சவங்க பாத்துட்டாங்கன்னா என்ன பண்றதுன்னு கேப்ப. அவங்க அங்க எதுக்கு வந்தாங்கன்னு நீ கேளு.

இன்னொண்ணு. "ஒரு லாரி வந்து லேசா மோதினாக்கூடப் பரவால்ல, மெடிக்கல் லீவு கிடைக்கும்"னு வாய்ஸ் மெசேஜ் நடுவுல சொன்னியே. நேத்து ராத்திரி போன்ல கேட்டதுக்கு ஜோக்குடின்னு மழுப்பிட்ட. பாதிதான் நம்பினேன். அது ஜோக்கா இல்லாம வந்ததுன்னா, மேல எழுதின வரிசையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அன்னிக்கே மனநல டாக்டரைப் பாரு. ராத்திரின்னா 14416-க்குக் கூப்பிடு, 2022 அக்டோபர் 10-லேர்ந்து நடக்கற அரசாங்க டெலி-மானஸ் சேவை, இருபத்திநாலு மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசில்ல. கூடவே என்னையும் கூப்பிடு. மாமியார் கேட்டாக் கேட்டுட்டுப் போகட்டும்.

கடைசியா, இவங்க யாராலயும் செய்ய முடியாத ஒண்ணு இருக்கு. கிறிஸ்டினா மாஸ்லாக்னு கலிஃபோர்னியா பேராசிரியை நாப்பது வருஷத்துக்கு மேலா இதையே ஆராய்ச்சி பண்றாங்க. வேலைப் பளு, சுதந்திரம், வெகுமதி, கூட இருக்கற ஆளுங்க, நியாயம், கொள்கை, இந்த ஆறுல வேலைக்கும் ஆளுக்கும் பொருந்தாமப் போனாத்தான் பர்ன் அவுட் வருதுங்கறாங்க. உன் பிராஞ்ச்ல காலியா இருக்கற சீட்டை எந்த சைக்காலஜிஸ்ட் நிரப்புவா? வேணாம்னு சொல்றவர் தலையில பாலிசி கட்டறது உனக்குப் புடிக்கலன்னா எந்த மாத்திரை அதைப் புடிக்க வைக்கும்? நெட்டச்சி தேறினது, தெம்பு வந்த பிறகு மேனேஜர்கிட்ட போய் ராத்திரி மீட்டிங்கை வாரத்துக்கு ரெண்டாக் குறைக்கச் சொல்லி எழுத்துல கேட்டதாலயும்தான். என்ன பேசணும்னு ஜிமிக்கிப் பொண்ணுகிட்ட ஒத்திகை பாத்துட்டுப் போயிருக்கா. மேனேஜர் உடனே சரின்னு சொல்லல, டாக்டர் சர்டிஃபிகேட் போனதும் சொன்னார். நீயும் அந்த சீட்டு விஷயத்தை ரீஜனல் ஆபீசுக்குத் தேதியோட எழுத்துல அனுப்பு, ஆபீசர்ஸ் அசோசியேஷனுக்கு ஒரு காப்பி. ஆனா இந்த வாரம் வேணாம். இந்த வாரம் ரத்தம் மட்டும் குடு, மீதியைத் தெம்பு வந்ததும் எழுதலாம். வேணும்னா நானே டிராஃப்ட் போட்டுத் தரேன், ஹெச்.ஆர். எதுக்குப் பயப்படும்னு எனக்குத் தெரியாதா.

லேபுக்குச் சனிக்கிழமை காலையில வெறும் வயித்தோட போ. ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, "நார்மல்டி"ன்னு மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது, நம்பர் வேணும்.

உன்,
குட்டச்சி